பத்தாவது செடி

விதைத்த நாளை ஒன்று என்று வைத்துக்கொண்டால், அன்று ஒன்பதாவது நாள். மாமாவின் வயலில், பம்பு அறையை ஒட்டிய வரிசையில் குனிந்து, பத்துச் செடி எண்ணி, பத்தாவதைப் பிடுங்கினேன். தண்ணீரில் வேரை அலசிப் பார்த்தேன். வெள்ளையாக, நூல் நூலாக, ஒரு முடிச்சுகூட இல்லாமல் இருந்தது.

ஒன்பதாவது நாளில் எந்தச் சோயாச் செடியிலும் கண்ணுக்குத் தெரிகிற முடிச்சு இருக்காது. பதினோரு வருஷமாக அதைத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிற விவசாயிகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க, மூணு வாரம் பொறுங்க." அப்படிச் சொல்கிற நான்தான் வேலை முடிந்ததும் நாற்பது நிமிஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செடியைப் பிடுங்கி, கைப்பைக்குள் திணித்து, குழியைக் காலால் மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல அக்கா வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தேன்.

நான் வேலை செய்வது விதைக்குப் பூசுகிற பாக்டீரியாவை வளர்த்துப் பொட்டலம் போடும் ஆய்வுக்கூடத்தில். கரித்தூள் மாதிரி இருக்கும் அந்தப் பொடியில் கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. விதையில் ஒட்டிக்கொண்டு மண்ணுக்குள் போகும்; முளைத்ததும் வேரில் குடியேறும்; கடுகு போல முடிச்சுக் கட்டிக்கொண்டு, காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். யூரியா மூட்டை செய்கிற வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிடும். உயிரோடு இருந்தால்.

வீட்டில் எனக்குப் பெயர் தராசு. உப்பைக்கூடக் கரண்டியில் தலைதட்டித்தான் போடுவேன் என்பதால் அக்கா சின்ன வயதில் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த மாமாவும் அதையே பிடித்துக்கொண்டார். மாமா பதினாலு வருஷம் ஒரு கிடங்கில் காவல்காரராக இருந்தவர். இந்த வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். நிலத்துக்காரர் ஒரு போகத்துக்குத்தான் வாய்ச்சொல் கொடுத்திருந்தார். பயிர் நன்றாக நின்றால் தொடரலாம். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். கிடங்கில் மாமா இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்தாயிற்று.

யூரியா வேண்டாம் என்று சொன்னவள் நான்.

"இத்தனூண்டு பொடியப் பூசிட்டா மூணு ஏக்கரும் யூரியா இல்லாம நிக்குமா தராசு?" என்று மாமா கேட்டார்.

"நிக்கும் மாமா. நான் பொறுப்பு."

"பொறுப்புன்னா? நாளைக்கு மஞ்சளாப் போச்சுன்னா நீ வந்து பச்சைப் பெயின்ட் அடிப்பியா?"

"அடிப்பா," என்றாள் அக்கா. "எத்தன இலைக்கு எத்தன சொட்டுன்னு கணக்குப் போட்டு அடிப்பா."

மாமா சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்த நிலத்தில் இதற்குமுன் யாரும் சோயா போட்டதில்லை. அதனால் மண்ணில் அந்த பாக்டீரியா தானாக இருக்க வாய்ப்பில்லை. பொட்டலத்தில் போவதுதான் எல்லாம். இதையும் நானே அவருக்கு விளக்கினேன்.

விதைக்கிற அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. மழைக்கு முன்னால் விதைத்துவிட வேண்டும் என்று மாமா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, தார்ப்பாய் விரித்திருந்தோம். விதை இரண்டு மூட்டை. குழப்பம் வரக்கூடாதென்று ஒன்றில் சிவப்புக் கயிறு, இன்னொன்றில் வெள்ளைக் கயிறு கட்டியிருந்தேன். பொட்டலம் பத்து, மூட்டைக்கு ஐந்து. பொடி விதையில் ஒட்டுவதற்கு வெல்லத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவைத்து, அதில் கரைக்க வேண்டும். நன்றாக ஆற வேண்டும் என்பதுதான் முக்கியம். வெதுவெதுப்பைத் தாண்டினாலே அந்த உயிர்கள் சாக ஆரம்பிக்கும். கை பொறுக்காத சூட்டில் ஒன்றுகூட மிஞ்சாது.

"ஆறிடுச்சா?" என்றார் மாமா, நாலாவது தடவையாக.

வெப்பமானி ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நான் ஆள்காட்டி விரலைக் கரைசலில் விட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

"ஆறிடுச்சு மாமா."

பாதிக் கரைசலைத் தொட்டியில் ஊற்றி, ஐந்து பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, சிவப்புக் கயிற்று மூட்டை விதைமேல் ஊற்றிப் புரட்டினேன். விதையெல்லாம் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டது. அப்போது அக்கா மீதிக் கரைசல் இருந்த பாத்திரத்தை நகர்த்த வந்தாள். வெல்லம் எப்படி என்று பார்க்க விரலை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஸ்ஸ்... இன்னும் சுடுதேடி! உனக்கு என்ன விரலா, இடுக்கியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜன்னல் கதவு காற்றில் அடிக்கவே, அதைச் சாத்தப் போய்விட்டாள். மாமா வாசலில் விதைக்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தார்ப்பாய்க்கு நடுவில், இரண்டு கையிலும் கருப்புக் குழம்போடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மீதி ஐந்து பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு மூட்டைக்கும் பாதிப் பாதி போடலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்தால் ஏன் என்று மாமா கேட்பார் என்று தோன்றியது. ஒருவேளை பாதி உயிராவது பிழைத்திருக்கும் என்று தோன்றியது. அக்காவுக்குச் சின்னச் சூடுகூடத் தாங்காது என்று தோன்றியது. கடைசியில் மீதிக் கரைசலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு, வெள்ளைக் கயிற்று மூட்டைக்கு மட்டும் ஒழுங்காகக் கலந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மழைக்கு முன்னால் விதைத்து முடித்தார்கள். பம்பு அறையிலிருந்து மின்கம்பம் வரைக்கும் சிவப்புக் கயிறு. கம்பத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கயிறு. நல்ல மழை பெய்தது. "ராசியான கைடி உனக்கு," என்றாள் அக்கா.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, விரலை விட்டு, சுடவில்லை என்று எனக்குத் தோன்றிய நேரத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு. இன்னொரு தடவை பார்த்தேன். ஐம்பத்தெட்டு. பதினோரு வருஷமாகக் கொதிகலனிலிருந்து கண்ணாடிக் குடுவைகளைக் கையால் எடுத்து எடுத்து, விரல் நுனித் தோல் தடித்துப்போய்விட்டது. அங்கே எல்லாவற்றுக்கும் வெப்பமானி உண்டு என்பதால் அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பக்கத்து மேசையில் பொட்டலம் ஒட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், வெந்நிக்கு ஜுரமா?"

"சும்மா பாத்தேன்."

"நீங்க சும்மா எதையும் பாக்க மாட்டீங்களே," என்றார் அவர்.

அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். புதிதாக ஐந்து பொட்டலம் எடுத்துப் போய், எருவில் கலந்து, முளைத்துவரும் வரிசைகளின் ஓரம் தூவித் தண்ணீர் விட்டிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும். அலமாரியில் பொட்டலம் இருந்தது. இரண்டு முறை கையில் எடுத்து, இரண்டு முறையும் திரும்ப வைத்தேன். எதற்கு என்று மாமா கேட்டால் சொல்ல வேண்டும். பிடுங்கிப் பார்த்துவிட்டு, உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு தேதி போட்டுக்கொண்டேன். அந்தத் தேதி வந்ததும் இன்னொரு தேதி போட்டுக்கொண்டேன்.

அப்படித்தான் ஒன்பதாவது நாள் பிடுங்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பதினொன்று. பிறகு பதின்மூன்று. கைக்கு வந்ததைப் பிடுங்கினால் அது கணக்காகாது என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை, அதில் ஒவ்வொரு பத்தாவது செடி. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. சிறு நோட்டில் எழுதி வைத்தேன். ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் வேர் வேராக ஓடியது.

பதின்மூன்றாம் நாள் அக்கா வீட்டில் மாமா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ பன்னி வருது. வரிசைல நடுநடுவுல செடியக் காணோம்."

"பன்னி வந்தா குழி பறிச்சுப் போட்டிருக்குமே," என்றாள் அக்கா.

"இது சுத்தமான பன்னி. குழிய மூடிட்டுப் போவுது."

எனக்குப் புரையேறியது. அக்கா தலையில் தட்டினாள். "யாரோ உன்ன நெனைக்கறாங்க."

மறுநாள் மாமா தன்னுடைய பழைய காவல்கார சீருடையை ஒரு கம்பில் மாட்டி வயலில் நட்டுவிட்டார். தொப்பி, இடுப்பு வார், சட்டைப்பையில் விசில் எல்லாம் சரியாக இருந்தது. பதினைந்தாம் நாள் நான் போனபோது அது பம்பு அறைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினேன்.

அன்றைக்குத்தான் முதல் முடிச்சைப் பார்த்தேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம், மூன்றாவது பிடுங்கலில், ஆணிவேரை ஒட்டி ஊசித்தலை அளவுக்கு நாலு. மண் உருண்டையாக இருக்குமோ என்று நகத்தால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. ஓடாத குறையாக இந்தப் பக்கம் வந்து ஏழு செடி பிடுங்கினேன். ஏழிலும் இல்லை. இன்னும் மூன்று பிடுங்கினேன். இல்லை.

தெரிந்துவிட்டது. அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். அக்கா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே மாமா யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "யூரியா ஒரு மூட்டைகூட எடுக்கல, ஆமா! நம்ம தராசு இருக்கா, விஞ்ஞானி. அவ சொன்னா சொன்னதுதான்." செருப்பைக் கழற்றாமலேயே திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானமே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு முடிச்சு கிடைத்தாலும் போதும் என்ற நிலையில் இருந்தேன். குனிந்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டுக்கு வந்தபோது பம்பு அறைக் கதவு கிறீச்சிட்டது. நின்றுவிட்டேன்.

"ஏன் எட்டுல நிறுத்திட்ட? எண்ணு," என்றார் மாமா.

அவர் உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"மாமா..."

"எந்தப் பன்னி பத்து வரைக்கும் எண்ணும்? சொல்லு. ஒம்போது செடி விட்டு ஒரு செடி, ஒம்போது செடி விட்டு ஒரு செடி. பதினாலு வருஷம் மூட்டை அடுக்கப் பாத்துக்கிட்டே நின்னவன் நான். ஒண்ணு கொறஞ்சா கண்ணுல உறுத்தும். நம்ம வீட்டுல இப்படித் திருடற ஆளு ஒண்ணே ஒண்ணுதான்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. கையிலிருந்த நோட்டை நீட்டினேன். வாங்கி, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் புரியாது. வாயால சொல்லு," என்றார்.

சொன்னேன். கரைசல், விரல், அக்கா கையை இழுத்துக்கொண்டது, ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு. வரிசையாக, எதையும் விடாமல். அவர் குனிந்து ஒரு செடியின் இலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எந்த மூட்டை?"

"செகப்புக் கயிறு."

"அப்ப இங்கருந்து கம்பம் வரைக்கும்."

"ஆமா மாமா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"மீதி பாக்கெட்ட ரெண்டாப் பிரிச்சிருக்கலாம்."

"மறுநாள்?"

"வேற பாக்கெட் கொண்டுவந்து எருவுல கலந்து போட்டிருக்கலாம்."

"போன வாரம்?"

"போட்டிருக்கலாம். கொஞ்சம் கொறஞ்சாலும் பிடிச்சிருக்கும்."

"இப்ப?"

காற்றுக்குச் சீருடையின் கை ஆடியது.

"இப்பன்னு கேட்டேன்."

"இப்பப் போட்டா அது வேர்ல குடியேறி வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள செடி பசியில மஞ்சளாயிடும் மாமா. பூ எடுக்கறப்போ பலம் இருக்காது."

"அப்ப என்னதான் பண்றது? நீயே சொல்லு. நீதானே பொறுப்பு."

மூன்று மாதமாக அவரிடம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதையே இப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"யூரியா," என்றேன்.

"காதுல விழல."

"யூரியா மாமா. இந்தப் பக்கத்துக்கு மட்டும்."

மாமா சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தேநீர்த் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "உன் தங்கச்சி யூரியா கேக்கறா," என்று மட்டும் சொன்னார்.

அக்காவிடம் இன்னொரு முறை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. அவள் கேட்டுவிட்டுத் தூக்கை வரப்பில் வைத்தாள்.

"சுடுதுன்னு நான்தான் சொன்னேனேடி."

"சொன்ன."

"அப்பறம் ஏன் வாயில மண்ணா?"

"என் கணக்கு தப்புன்னு சொல்ல வரலக்கா."

"பெரிய கணக்கு," என்றாள். தூக்கின் மூடியில் தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். "சுடுதா?"

"தெரியல."

அவள் அதைப் பிடுங்கி, ஊதி ஊதி ஆற்றி, திரும்பத் தந்தாள். முகத்தை மட்டும் சிரிப்பு வராமல் வைத்துக்கொண்டாள்.

மாமா அதற்குள் கம்பத்தைத் தாண்டிப் போயிருந்தார். குனிந்து சத்தமாகவே எண்ணினார். பத்தாவதைப் பிடுங்கி வேரை உதறினார். முடிச்சுகள் கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சிவப்புதான் சாட்சி. அவருக்கு அதை நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

"இங்க பாருடி, ரத்தம் ஓடுது!" என்று அக்காவைத்தான் கூப்பிட்டார், என்னை இல்லை.

இரண்டு நாளில் யூரியா போட்டோம். கம்பத்திலிருந்து வாய்க்கால் வரைக்கும் கயிறு கட்டிக்கொண்டோம். பொடி கலந்த அதே தொட்டியில் உரத்தைச் சுமந்தவள் நான். மாமா இரைப்பார், நான் பின்னால் போவேன்.

"கயிறத் தாண்டி ஒரு குருணைகூட விழக்கூடாது," என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். "யூரியா விழுந்தா அந்தப் பக்கத்துப் பாக்டீரியா சோம்பேறியாயிடும். ஒரு விஞ்ஞானி சொன்னாங்க."

முடிந்ததும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மாமா சொன்னார்: "பத்து நாளைக்கு நீ இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தா கம்புல சட்டைக்குப் பதிலா உன்னக் கட்டிவெச்சுடுவேன்."

பத்து நாள். ஆய்வுக்கூடத்தில் கைகளுக்கு வேலை இருந்தது, மனசுக்கு இல்லை. வேலை முடிந்து தினமும் அதே பஸ் நிறுத்தத்துக்கு வந்து, அந்த பஸ் வருவதைப் பார்த்து, அது போவதைப் பார்த்து, பிறகு வீட்டுக்கு நடந்தேன். ஏழாவது நாள் ஏறிவிட்டேன். வயலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பஸ்ஸில் திரும்பினேன். நடத்துநர், "எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல, மறக்க முடியல," என்பது வாய்வரை வந்தது. டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் மாமாவே கூப்பிட்டார். "வா. நெலத்துக்காரரும் வர்றாரு." வேறு எதுவும் சொல்லவில்லை. வயல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நான் போனபோது நிலத்துக்காரர் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வரப்பில் நின்றிருந்தார். கம்பத்துக்கு இந்தப் பக்கம் கரும்பச்சை. அந்தப் பக்கம் அதைவிட ஒரு மாத்துக் குறைவான பச்சை. மஞ்சள் எங்கும் இல்லை. மூச்சு விட்டேன். உடனே மறுபடி பிடித்துக்கொண்டேன். யூரியா போட்டதுதான் இப்போதைக்குக் கண்ணுக்கு அழகாகத் தெரியும். காய் பிடிக்கும்போதுதான் எது நிற்கும் என்று தெரியும்.

மாமா என் காதோரம் வந்தார். "பாத்தியா, எந்தப் பக்கம் பச்சை? இப்ப என்ன சொல்ற?"

பொறுங்க மாமா, அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும், நான் பொறுப்பு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியல மாமா. பாக்கலாம்."

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நிலத்துக்காரர் வரிசைக்குள் இறங்கி நடந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு ஓரிடத்தில் நின்று, காலால் வெற்றிடத்தைத் தட்டினார்.

"பயிர் நல்லாத்தான் இருக்கு. அடுத்த போகத்தப் பத்தி காய் பிடிச்ச பொறவு பேசுவோம். அதென்ன, இங்க இங்க செடியக் காணோம்? ஒரு சீரா விட்டுப்போயிருக்கே?"

அக்கா வானத்தைப் பார்த்தாள்.

"பன்னிங்க," என்றார் மாமா.

"பன்னியா? இந்தப் பக்கம் பன்னி கெடையாதே."

"இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. நல்லாப் படிச்ச பன்னி." என் பக்கம் திரும்பாமல், சீருடையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "இப்ப அதுவே காவலுக்கு நிக்குது."